எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் முடி உதிர்தல்: ஈரோடு வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி:

எனக்கு வயது 36. ஈரோட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 5 மாதங்களுக்கு முன்பு, இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் முறையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 112 கிலோவாக இருந்த எடை இப்போது 87. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. முழங்கால் வலியும் போய்விட்டது. ஆனால் நான்காம் மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. சென்ற ஞாயிறு தலைக்குக் குளித்தபின் எண்ணியபோது 214 முடிகள் இருந்தன. பயந்துபோய், வாரம் இருமுறை தலைக்குக் குளிப்பதை ஒருமுறையாகக் குறைத்துவிட்டேன். முடிக்கு நல்லது என்று 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரையை ஒரு மாதமாகச் சாப்பிட்டும் பலன் இல்லை. நான் சைவம். காலையில் ஒரு இட்லி, 11 மணிக்கு ராகிக் கஞ்சி, மதியம் கொஞ்சம் சாம்பார் சாதம், மாலையில் ஆப்பிள், இரவில் ஒரு தோசை, இவ்வளவுதான் உள்ளே போகிறது. பல ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை (75 மைக்ரோகிராம்) எடுக்கிறேன். அதையும் இரும்பு, கால்சியம், வைட்டமின், வயிற்று அமில மாத்திரைகளையும் எழுந்ததும் ஒன்றாகப் போட்டுக் காபி குடித்துவிடுவேன். போன வாரப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.8, ஃபெரிட்டின் 14, டி.எஸ்.ஹெச். 0.1. தைராய்டு மாத்திரையைக் குறைக்கச் சொல்கிறார்கள். எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "உடம்புக்கு என்ன?" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். பழனியில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்கிறார் மாமியார். இரண்டு மாதத்தில் தங்கைக்குத் திருமணம். எடை குறைவதை நிறுத்தினால் முடி நிற்குமா? வழுக்கையாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றை நீங்கள் அமைதியாகப் படிப்பதற்கு அது உதவும். நீங்கள் விவரித்திருக்கும் வகையில் உதிர்கிற முடி வேரோடு அழிவதில்லை. தண்டு மட்டுமே விழுகிறது, வேர்ப்பை தோலுக்குள் உயிரோடு இருக்கிறது. எனவே இதனால் வழுக்கை விழாது. உங்கள் தலையை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் காட்ட வேண்டிய அறிகுறிகள் எவை என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, ஏறக்குறைய 100 நாட்கள் ஓய்வில் இருந்து, பிறகு விழுந்து, அதே வேர்ப்பையிலிருந்து புதிதாக முளைக்கிறது. சாதாரண நாட்களில் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில் இருக்கும். அதாவது 10,000 முடிகள் 100 நாட்களில் உதிர்வதால், நாளொன்றுக்கு 100 முடி வரை விழுவது எல்லோருக்கும் இயல்பு. பெரிய அறுவை சிகிச்சை, கடும் காய்ச்சல், பிரசவம், உணவு திடீரென்று குறைதல் போன்ற ஒன்று நேரும்போது, உடல் தன் கையிருப்பை இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கிவிட்டு, முடி வளர்க்கும் வேலையைத் தள்ளிவைக்கிறது. வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகிறது. 30 சதவீதம் போனதாக வைத்துக்கொண்டால், மூன்று மாதம் கழித்து நாளொன்றுக்கு 300 முடி விழும். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் 1961-இல் இதை விளக்கி 'டெலோஜன் எஃப்ளூவியம்' என்று பெயரிட்டார். 'ஓய்வு நிலை முடி உதிர்வு' என்று தமிழில் சொல்லலாம். உங்களுக்கு அறுவையும், திடீர் உணவுக் குறைவும், 25 கிலோ எடை இழப்பும் ஒரே சமயத்தில் நேர்ந்திருக்கின்றன. நான்காம் மாதத்தில் உதிர்வு தொடங்காமல் இருந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

இன்று உங்கள் சீப்பில் இருக்கும் முடி, அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களிலேயே விழுவதற்குத் தயாராகிவிட்ட முடி என்பதுதான் இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. அதை எண்ணெயோ ஷாம்புவோ மாத்திரையோ இனிப் பிடித்து நிறுத்த முடியாது. தலைக்குக் குளிப்பதைக் குறைத்தாலும் அது நிற்காது; விழ வேண்டியவை தலையிலேயே தங்கி, அடுத்த குளியலில் மொத்தமாக வந்து உங்களை இன்னும் பயமுறுத்தும். மூன்று நான்கு நாட்களாகச் சேர்ந்தவை ஒரே குளியலில் வெளியேறும்போது 214 என்பது அப்படியொன்றும் அதிர்ச்சியான எண் அல்ல. பழையபடி வாரம் இருமுறை குளியுங்கள். எண்ணுவதையும் விட்டுவிடுங்கள், அதனால் மருத்துவருக்குப் பயனில்லை, உங்களுக்கு மனநோவுதான் மிச்சம்.

உங்கள் கையில் இருப்பது இனி ஓய்வுக்குப் போகப்போகும் முடியும், ஓய்விலிருந்து திரும்பி முளைக்கப்போகும் முடியுமே. இந்த உதிர்வு தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தானாக அடங்குவதே வழக்கம். அடங்காமல் இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் புரதமோ இரும்போ துத்தநாகமோ குறைந்தவர்களுக்கும், தைராய்டு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும்தான். உங்கள் கடிதத்தில் இவற்றுள் இரண்டு தெளிவாகத் தெரிகின்றன, மூன்றாவது சந்தேகத்துக்கு இடமாக இருக்கிறது.

உங்கள் உணவுப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம், கஞ்சியில் 2 அல்லது 3, சாம்பார் சாதத்தில் 3 அல்லது 4, தோசையில் ஏறத்தாழ 3, ஆப்பிளில் பெயரளவுக்கு, காபிப் பாலில் கொஞ்சம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 20 கிராமைத் தாண்டவில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் தேவை. முடியே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. மூன்றில் ஒரு பங்குப் புரதத்தில் உடலை ஓட்டிக்கொண்டு முடி முளைக்கவில்லையே என்று கேட்பது நியாயமில்லை. இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நீக்கப்படுகிறது; ஒரு டீ டம்ளர் அளவே எஞ்சிய வயிற்றில், பிறந்ததிலிருந்து சாப்பிட்ட அரிசிப் பலகாரங்களையே சிறிது சிறிதாகச் சாப்பிட்டால் இந்தக் கணக்குதான் வரும். மருத்துவமனையில் கொடுத்தனுப்பும் உணவுத் தாள் பெரும்பாலும் முட்டையையும் கோழியையும் நம்பி எழுதப்பட்டிருப்பதால், சைவ நோயாளிகள் அதில் பாதியை அடித்துவிட்டு மீதியில் வாழ்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சோற்றுக்குப் பருப்பு என்ற நம் வழக்கத்தை இந்த ஓராண்டுக்குத் தலைகீழாக்குங்கள்; பருப்புக்குச் சோறு தொட்டுக்கொள்ளுங்கள். காலையில் இட்லிக்கு முன்பாகவே, மருத்துவமனை உணவியல் நிபுணர் ஒப்புக்கொள்ளும் புரதப் பொடி ஒரு கரண்டியைப் பாலிலோ நீர்மோரிலோ கலந்து சிறுகச் சிறுகக் குடித்தால் 24 கிராம் கிடைக்கும். ராகிக் கஞ்சியின் இடத்தில் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறு சுண்டல் இருந்தால் 6 கிராம். மதியம் 75 கிராம் பனீரில் 13 கிராம், அதோடு கெட்டியாகக் கடைந்த பாசிப்பருப்பு அரைக் கிண்ணத்தில் ஏறத்தாழ 5. மாலையில் ஆப்பிளுக்குப் பதில் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், அதிலும் 5. இரவில் 20 கிராம் சோயா உருண்டையை வேகவைத்துப் பொடிமாஸ் போலச் செய்தால் 10. கூட்டினால் 63 வருகிறது. எல்லாம் முதல் நாளே இறங்காது. வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் ரசமும் சாப்பாட்டோடு வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குடித்தால் புரதத்துக்கு இடம் மிஞ்சும். சிறுநீரகக் கோளாறு இருப்பதாக யாராவது எப்போதாவது சொல்லியிருந்தால், பொடியைத் தொடங்குமுன் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது இரும்பு. ஹீமோகுளோபின் 10.8 இரத்தசோகை, ஃபெரிட்டின் 14 என்பது உடலின் இரும்புக் கிடங்கு காலியாகிவிட்டதைக் காட்டுகிறது. 30-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைவு என்று கொள்கிறோம். முடிக்காக 40-க்கு மேலாவது வைத்துக்கொள்வது நல்லது என்பது என்னைப் போன்ற தோல் மருத்துவர்கள் பலரின் எண்ணம். நீங்கள் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏன் ஏறவில்லை என்பதற்கான விடை உங்கள் காலைப் பழக்கத்தில் இருக்கிறது. கால்சியம் இரும்பைத் தடுக்கும், காபியும் தடுக்கும், உணவிலுள்ள இரும்பு கரைய அமிலம் வேண்டியிருக்க, அமிலம் சுரக்கும் வயிற்றுப் பகுதி பெருமளவு அகற்றப்பட்ட பிறகும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தொடர்கிறது. அத்தனையையும் ஒரே மிடறில் விழுங்கினால் மாத்திரை செலவாகுமே தவிர இரும்பு சேராது. தைராய்டு மாத்திரையின் கதியும் இதுவே. இரும்பும் கால்சியமும் அதைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும்.

எனவே மாத்திரைகளைப் பிரித்துவிடுங்கள். தைராய்டு மாத்திரை மட்டும் எழுந்தவுடன் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு அதிலிருந்து குறைந்தது 4 மணி நேரம் தள்ளி, முற்பகல் இடைவேளையில், முடிந்தால் கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ வேண்டாம். கால்சியம் மாலையிலும் இரவிலுமாக இரண்டு தவணையில், இரும்புக்குக் குறைந்தது 2 மணி நேரம் விலகி. அமிலம் குறைந்த வயிற்றுக்குக் கால்சியம் சிட்ரேட் வகையே ஏற்றது. அமில மாத்திரை இன்னும் தேவையா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாதவிடாய் வருகிற, இந்த அறுவை செய்துகொண்ட பெண்களுக்குக் குறைவு இல்லாதபோதே நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் வரை தனிம இரும்பு (மாத்திரையில் உள்ள இரும்பின் நிகர அளவு) பரிந்துரைக்கப்படுகிறது. உங்களுக்கு இதற்கு மேலும் தேவைப்படலாம். ஆறு எட்டு வாரத்தில் ஃபெரிட்டின் ஏறாவிட்டால் இரத்தக் குழாய் வழியாக இரும்பு ஏற்றுவதைப் பற்றி மருத்துவரே பேசுவார். முருங்கைக்கீரையைச் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் அதன் இரும்பு உடலில் சேருவது குறைவு. 14-ஐக் கீரையால் மட்டும் நிமிர்த்த முடியாது.

மூன்றாவது, என்னை உண்மையில் கவலைப்படுத்தியது: டி.எஸ்.ஹெச். 0.1. இது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு மிகையானால் இது குறையும். பயோட்டின் மாத்திரையோடு நேரடித் தொடர்புள்ள ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. தைராய்டு பரிசோதனைக் கருவிகள் பலவற்றில் பயோட்டினையே ஒட்டும் பொருளாகப் பயன்படுத்துகிறார்கள். இரத்தத்தில் பயோட்டின் நிரம்பியிருந்தால் கருவி ஏமாந்து, டி.எஸ்.ஹெச்.-ஐ இருப்பதைவிடக் குறைவாகவும் தைராய்டு ஹார்மோனான டி4-ஐ அதிகமாகவும் காட்டும். தைராய்டு மிகையாகிவிட்டது போன்ற தோற்றம் அறிக்கையில் வரும். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையையும் பயோட்டின் தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. ஒரு நாளைக்கு உடலுக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் சாப்பிடுவது 10,000. அப்படிப்பட்ட பொய்யான அறிக்கையை நம்பித் தைராய்டு மாத்திரையைக் குறைத்தால் உண்மையிலேயே தைராய்டு குறைந்து, நின்றுகொண்டிருக்கும் முடியும் உதிரத் தொடங்கும்.

ஆனால் அறிக்கை பொய் என்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. 25 கிலோ குறைந்த உடலுக்குப் பழைய அளவு மாத்திரை மிகையாகிப்போவதும் உண்டு, அதுவும் முடியைக் கொட்ட வைக்கும். ஆகவே பயோட்டினை இன்றே நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச்., டி4 இரண்டையும் மறுபடி பாருங்கள். பரிசோதனைக் கூடத்திலும் மருத்துவரிடமும் பயோட்டின் சாப்பிட்டதைச் சொல்லுங்கள். நெஞ்சுப் படபடப்போ கை நடுக்கமோ இருந்தால் ஒரு வாரம் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டால் புதிய அறிக்கை வரும்வரை அளவை மாற்ற வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்றையும் அவரிடம் சொல்லிவையுங்கள்: மாத்திரைகளைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினால் தைராய்டு மாத்திரை முன்பைவிட நன்றாகச் சேரும் என்பதால், ஆறு எட்டு வாரத்தில் மற்றொரு பரிசோதனை தேவைப்படும். பயோட்டினை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை. பயோட்டின் குறைவே இல்லாதவருக்கு அது முடியைக் காக்கும் என்பதற்குத் தகுந்த சான்று கிடையாது. உங்கள் வைட்டமின் மாத்திரையில் இருக்கும் சிறிதளவே போதும்.

துத்தநாகத்தையும் பி12, வைட்டமின் டி ஆகியவற்றையும் இதே இரத்தத்தில் பார்த்துவிடலாம். குறைவு என்று தெரிந்தால் மட்டும் கூடுதலாக எடுங்கள். துத்தநாகத்தை அளவுக்கு மீறி நீண்ட நாள் சாப்பிட்டால் உடலில் தாமிரம் குறைந்து, இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம். வைட்டமின் ஏ-யும் செலினியமும் மிகையானாலே முடி உதிரும் என்பதை 'முடிக்கான மாத்திரை' விற்பவர்கள் சொல்வதில்லை.

எடை குறைவதை நிறுத்தினால் முடி நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணம் புரிகிறது, ஆனால் வேண்டாம். ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி விழுந்தே தீரும் என்பதால் இப்போது மாவுப் பண்டங்களைக் கூட்டிச் சாப்பிட்டு எடையை நிறுத்தினாலும் உதிர்வு தொடரும். சர்க்கரை மட்டும் திரும்பி வரும். எடை எவ்வளவு குறைகிறது என்பதைவிட, குறையும்போது உடலுக்கு என்ன கிடைக்கிறது என்பதே முடியைத் தீர்மானிக்கிறது. அதையும் மீறி, எல்லாவற்றையும் சரியாகச் சாப்பிட்டவர்களுக்கும் ஓரளவு உதிரத்தான் செய்யும் என்று உங்களை எச்சரித்துவைக்கிறேன்.

முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்து, தலையில் ஊசி, லேசர் சீப்பு ஆகியவற்றுக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். தானாகத் திரும்பப்போகிற முடிக்கு மருந்து போட்டு, மருந்தால் வந்ததாக நம்பி, அதை விட முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. கருவுற்றால் மினாக்சிடிலை உடனே நிறுத்த வேண்டும். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராமல் கூடும் என்பதாலும், அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதாலும், இதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். செம்பருத்தி, கரிசலாங்கண்ணி எண்ணெய்களை விரும்பினால் தேய்த்துக்கொள்ளலாம். முடி சிக்கில்லாமல் வழுவழுப்பாக இருக்கும், வேருக்கு ஒன்றும் செய்யாது. உப்புத் தண்ணீரைக் குறை சொல்பவர்களும் உங்களிடம் வருவார்கள். அது முடியைக் கரடுமுரடாக்கி நடுவில் ஒடியவைக்கலாம், வேரோடு உதிர்க்காது. விழுந்த முடியின் வேர்ப்பக்க முனையில் வெள்ளைப் பொட்டு ஒன்று இருந்தால் அது ஓய்வு முடிந்து விழுந்த முடி. ஒடிந்ததில் அந்தப் பொட்டு இருக்காது.

நேரில் காட்ட வேண்டிய அறிகுறிகள் இவை: நடுவகிடு மட்டும் அகன்றுகொண்டே போதல், காசு அளவில் வட்டமாகச் சொட்டை விழுதல், தலைத்தோலில் சிவப்போ செதிலோ வலியோ, புருவமும் சேர்ந்து உதிர்தல், தொடங்கி ஆறு மாதமாகியும் நிற்காத உதிர்வு. நடுவகிடு அகல்வது பரம்பரையாக வரும் மெலிவின் அடையாளம். அறுவைக்கு முன்பே மெல்ல நடந்துகொண்டிருந்தது இப்போது வெளிப்பட்டிருக்கலாம், அதற்குத் தனி சிகிச்சை உண்டு, மினாக்சிடிலுக்கு உண்மையில் இடம் அங்கேதான். முடியோடு தொடர்பில்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்: விடாமல் வாந்தி, நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிதல் ஏற்பட்டால் அது பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது.

மாமியாரின் யோசனைக்கு வருவோம். மொட்டை போடுவதால் கேடில்லை, ஆனால் அடர்த்தி கூடாது. கத்தி படுவது தோலுக்கு மேலே இருக்கும் உயிரற்ற தண்டில்தான், எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் வேர்ப்பைக்கு அது தெரியவே தெரியாது. வெட்டிய நுனி மழுங்கலாக முளைப்பதால் தடவும்போது தடித்தது போலத் தோன்றும். நேர்த்திக்கடனாக இருந்தால் அது உங்களுக்கும் முருகனுக்கும் இடையில் உள்ளது, நான் குறுக்கே வரவில்லை. மருத்துவமாக மட்டும் செய்ய வேண்டாம். அவரும் உங்கள் முடியைப் பற்றிய கவலையில்தான் சொல்கிறார் என்பதால், "டாக்டர் ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறார், அத்தை" என்று என்மீது பழியைப் போட்டுவிடுங்கள்.

"உடம்புக்கு என்ன?" என்ற கேள்விக்கு நீங்கள் யாருக்கும் விளக்கம் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். எடை வேகமாகக் குறைந்து, கன்னம் ஒட்டி, முடியும் மெலிந்திருப்பவரைப் பார்த்ததும் நம் ஊரில் மனம் முதலில் புற்றுநோய்க்குத்தான் ஓடுகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் அதை வாய்விட்டுச் சொல்லப் பயந்துதான் குரலைத் தாழ்த்துகிறார்கள். என்னிடம் வரும் சிலர், "சர்க்கரை மாத்திரையே நின்றுவிட்டது" என்று ஒரே வரியில் பதில் சொல்லிப் பேச்சைத் திருப்பிவிடுவதாகக் கூறியிருக்கிறார்கள். உங்களுக்கும் அது உண்மையாக இருக்கிறது.

திருமணம் இரண்டு மாதத்தில் என்றால், அன்றைக்கு உதிர்வு குறையத் தொடங்கியிருக்கலாம், ஆனால் அடர்த்தி திரும்பியிருக்காது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நெற்றி ஓரத்தில் குத்திட்டு நிற்கும் குட்டி முடிகள் தெரிந்தால் அவை புதிதாக முளைத்தவை, பிசிறு என்று நினைத்துக் கத்தரித்துவிடாதீர்கள். இப்போதே தோள் அளவுக்கு வெட்டிக்கொண்டால், நீண்டு மெலிந்த பின்னலைவிட அடர்த்தியாகத் தெரியும். வகிட்டை நடுவிலிருந்து பக்கத்துக்கு மாற்றி, தலைத்தோல் தெரியும் இடத்தில் முடி நிறப் பொடியைத் தூவிக்கொள்ளலாம். சவுரி வைத்துப் பின்ன வேண்டுமென்றால் பசை போட்டு ஒட்டும் வகையைத் தவிர்த்து, கட்டும் வகையை இறுக்கமில்லாமல், முகூர்த்தத்துக்கு மட்டும் வையுங்கள். மல்லிகைச் சரத்தின் கனம் முழுவதும் உங்கள் சொந்த முடியில் தொங்காதபடி சவுரிப் பின்னலில் சுற்றச் சொல்லுங்கள். அன்று இரவே அவிழ்த்துவிட்டு, ஈரமாக இருக்கும்போது சீவாமல், அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். பந்தியில் உட்காரும்போது பாயசத்துக்கு முன்பு பருப்பையும் தயிரையும் முடித்துவிடுங்கள்.